ராஜா தாண்டாத ஒட்டு

திருமுடிவாக்கத்தில் எங்கள் கேஸ்கெட் கம்பெனியில் பதினோரு வருடமாக ரப்பர் வெட்டுகிறவள் செல்வமேரி. குழாய்களை இணைக்கும்போது நடுவில் வைக்கிற வளையம்தான் கேஸ்கெட். பெரிய வளையமென்றால் துண்டுதுண்டாக வெட்டி, ஒட்டுத் தெரியாமல் ஒட்ட வேண்டும். ஒருமுறை ஓர் ஒட்டு மேடுதட்டிவிட்டது. செக்கிங் ஜெயவேலு சார் அதைத் தடவிப் பார்த்து ரிஜெக்ட் என்று தூக்கிப் போட்டார். அந்த வளையத்தில்தான் மேரி தன் வட்டச் செஸ்ஸை வரைந்தாள். மேட்டிலிருந்தே கோடு போட ஆரம்பித்து, சுற்றிப் பதினாறு பிரிவு, உள்ளே நான்கு வரிசை. கட்டம் அதே அறுபத்து நான்கு.

ஆட்டம் ஜோர். முடிக்கத்தான் முடியவில்லை. வட்டத்துக்கு மூலை ஏது? கடைசியில் யானையை விட்டுத் துரத்தினால் எதிரி ராஜா பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருப்பார். மூன்று மாதமாகச் சாப்பாட்டு நேரமெல்லாம் டிரா.

ஜெயவேலு சாருக்கோ, காலேஜில் வாங்கிய செஸ் கோப்பையைப் பற்றி வாரம் ஒருமுறையாவது பேசாவிட்டால் சோறு இறங்காது.

"இன்னா மேரி, உன் ராஜா இன்னும் ரவுண்டு அடிச்சிகினே கீறாரா? சனிக்கிழமை என்னோட ஆடு. டிரா ஆச்சுன்னா போர்டு ஸ்கிராப்புக்குப் போவுது."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வியாழக்கிழமை மேரி பலகையைத் துடைக்கும்போது துணி அந்த மேட்டில் சிக்கியது. அப்படியே நின்றுவிட்டாள்.

"ராஜாங்க மட்டும் இத்த தாண்டக்கூடாதுக்கா. மத்த காயெல்லாம் போலாம்," என்றாள் என்னிடம். அவ்வளவுதான் புது விதி.

சனிக்கிழமை சார் விதியைக் கேட்டு அலட்சியமாகத் தலையாட்டினார். ஒரு மணி நேர ஆட்டத்தில் மேரியிடம் ராஜாவும் யானையும் மிச்சம், அவரிடம் ராஜா மட்டும். வழக்கம்போல் சிரித்துக்கொண்டே ஓடினார். ஓடி ஓடி ஒட்டில் போய் முட்டினார். இரண்டு கட்டம் தள்ளி மேரியின் ராஜா எதிரே நின்றது. யானை வந்து இறங்கியது. சார் ராஜாவின் தலையில் விரலை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார்.

"செக்மேட் சார்."

நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷம் என் மகள் பாஸானபோதுகூட இல்லை.

சார் அந்த மேட்டைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"எனக்கும் ஒண்ணு செஞ்சு குடும்மா. ஒட்டு நல்லா தெரியணும்."

"தெரிஞ்சா பாஸ் பண்ணுவீங்களா சார்?" என்றாள் மேரி.