ஜீப்பில் இருந்த ஈரத் துண்டு

மாமாவின் தோளில் கிடந்த அந்தத் துண்டைப் பலமுறை கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். சாதாரண வெள்ளைத் துண்டுதான். ஒரு முனை எப்போதும் தேங்காய் எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும், மறுமுனை ஈரமாக. அத்தை எவ்வளவு கசக்கினாலும் குங்குமக் கறை முழுவதும் போகாது. பூதப்பாண்டியில் உரக்கடை வைத்திருந்த என் தாய்மாமாவுக்குத் தேர்தல் வந்துவிட்டால் கடை மறந்துபோகும். கட்சியின் பிரச்சார ஜீப்பில், வேட்பாளருக்குப் பின்னால், அந்தத் துண்டோடு உட்கார்ந்திருப்பதுதான் அவர் வேலை.

எங்கள் பக்கத்தில் வாக்குக் கேட்டுப் போனவர்களுக்கு அந்த வேலையின் அருமை தெரியும். ஒரு தெருவில் ஆரத்தி எடுத்து நெற்றி நிறையக் குங்குமம் வைப்பார்கள். அடுத்த திருப்பத்தில், அய்யாவழிக்காரர்களின் கோயிலான பதியில் வெண்ணாமம் இடுவார்கள். அதைத் தாண்டினால் சர்ச் தெரு, அப்புறம் பள்ளிவாசல். தெருவுக்குத் தெரு முகம் புதிதாக இருக்க வேண்டும். ஜீப் திரும்பி முடிவதற்குள் வேட்பாளரின் நெற்றியைத் துடைத்துப் பளிச்சென்று ஆக்கிவிடுவார் மாமா. அவர் துடைத்துவிட்ட நெற்றிகளில் சில சட்டசபை வரைக்கும் போயிருக்கின்றன. அவருக்கு வேண்டியிருந்ததோ எங்கள் பேரூராட்சியில் ஒரு வார்டு கவுன்சிலர் சீட்டு மட்டும்தான். "அடுத்த தடவ பாப்போம் ஓய்" என்றே சொல்லிச் சொல்லி அவருக்குத் தலை நரைத்துவிட்டது.

சென்னையில் உதவி இயக்குநராகச் செருப்புத் தேய்ந்தபின், தேர்தல் பிரச்சாரத்தைக் கிண்டல் செய்து ஒரு சின்னப் படம் எடுக்க ஊருக்கு வந்தேன். வேட்பாளர் வேடத்துக்கு மாமாவை விட்டால் வேறு ஆள் தோன்றவில்லை. உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த முறை சீட்டு உறுதி என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். இந்த நேரத்தில் எதற்கு இந்தக் கூத்து என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். காலமெல்லாம் பின்னால் உட்கார்ந்தவருக்கு ஒரு தடவையாவது முன்னால் நின்று கும்பிட ஆசை. ஒப்புக்கொண்டார்.

நாகர்கோவில் கோட்டாற்றில் ஒரு தெருத் திருப்பத்தில், வேட்பாளர் குங்குமத்தைத் துடைக்கும் காட்சியை எடுத்தோம். நான் எழுதியிருந்தது வெறும் கைக்குட்டை. மாமா என் பக்கம் திரும்பினார்.

"கைலேஞ்சிய வச்சுத் தொடச்சா நெத்தி முழுக்கச் செவந்து போவும் மக்கா. முதல்ல எண்ணெ, பெறவு தண்ணி. கேட்டியா?"

தன் துண்டையே எடுத்து, தன் நெற்றியிலேயே செய்துகாட்டினார். சிரிப்பை அடக்க முடியாமல் ஒளிப்பதிவாளர் இரண்டாம் முறை எடுக்க வேண்டியதாயிற்று. நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது எதிர் மாடியிலிருந்து யாரோ அதைக் கைபேசியில் பிடித்துவிட்டார்கள்.

மாலைக்குள் அது எல்லாருடைய கைபேசியிலும் இருந்தது. அந்தத் துணுக்கில் எங்கள் கேமராவும் இல்லை, படத்துக்காக நாங்கள் கட்டிய பொய்க்கட்சிக் கொடியும் இல்லை. கும்பிட்டபடி குங்குமத்தைத் துடைக்கிற மாமா மட்டும் இருந்தார். 'இவருக்கா நம்ம வார்டு?' என்று கீழே ஒரு வரி. மறுநாள் காலையில், குங்குமத்தை அவமதித்துவிட்டார் என்று உரக்கடை முன்னால் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மாமா உள்ளே உட்கார்ந்திருந்தார். "அது சினிமா" என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. ஒருவன் ஷட்டரை ஓங்கி உதைத்தான். அந்தத் தகரச் சத்தத்தில் அத்தை என் கையைப் பிடித்தாள்.  எனக்கும் பயம்தான்.

அப்போதுதான் மாவட்டச் செயலாளரிடமிருந்து அழைப்பு வந்தது. கட்சிக்காரர்கள் அவரை 'மாவட்டம்' என்றே சொல்வார்கள். நானும் மாமாவும் கட்சி அலுவலகத்துக்குப் போனோம். மாவட்டம் கோபப்படவில்லை, அதுதான் கலக்கமாக இருந்தது.

"நடிச்சதுக்கு நான் ஒண்ணும் சொல்லல்ல ஓய். அந்த எண்ணெயையும் துண்டையும் காட்டலாமா? நாளைக்கு நான் எந்தத் தெருவுல எறங்குனாலும் எனக்க நெத்தியத்தானே பாப்பான்?"

பிறகு வழியையும் அவரே சொன்னார். அந்தத் துண்டு வேலை முழுக்க மருமகனின் சதி, ஏமாற்றிச் செய்யவைத்தான், படத்தைத் தடை செய்ய வேண்டும் என்று மாமா பேசினால் போதும். பதிவுசெய்து உடனே பரப்பிவிடுவார்கள். ஊர் அடங்கும், சீட்டும் மாமாவுக்கே. மறுத்தால் இரண்டுக்கும் அவர் பொறுப்பில்லை. என் படம் அதோடு பெட்டிக்குள் போய்விடும் என்பது எனக்குப் புரிந்தது. மாமா என்னைப் பார்க்கவே இல்லை.

ஒருவன் கைபேசியைத் தூக்கிப் பிடித்தான். மாமா துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார், தண்ணீர் கேட்டார், குடித்தார். 

"இந்தப் படத்துல நான் நடிச்சது உண்மை. எனக்க மருமவன்தான் எடுக்கான்." நிறுத்தினார்.  "ஆனா அந்தத் துண்டு வேலயச் சொல்லிக் குடுத்தது அவனில்ல. நான்தான். நான் அதப் படிச்சது எங்கன்னு கேட்டா..."

மாவட்டம் எட்டிக் கைபேசியைப் பிடுங்கிவிட்டார்.

பேருந்தில் ஊருக்குத் திரும்பினோம். எனக்காகச் சீட்டை விட்டாரே என்று நான் கண்கலங்கியதும் மாமா எரிந்துவிழுந்தார். "ஒனக்காவச் செய்யல்லலே. எனக்கு அந்த சீட்டு வேணும். இப்பவும் வேணும். ஆனா அது எனக்க வேல மக்கா. வேற ஒருத்தன் சொல்லித் தந்தான்னு சொல்ல நாக்கு வரல்ல." அதன்பிறகு அழுதார். பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

படம் வந்தது. துண்டுக் காட்சிக்குத்தான் நாகர்கோவில் திரையரங்கில் விசிலும் கைதட்டலும். அதன் பிறகு ஊர்க்கோபமும் சிரிப்பாக மாறிப் போயிற்று. சீட்டு வேறொருவருக்குப் போனது. எந்தக் கட்சியும் மாமாவை மறுபடி ஜீப்பில் ஏற்றவில்லை. எனக்கு அடுத்த படம் கிடைத்தது. அவருக்குக் கிடைத்தது அந்தக் கைதட்டல் மட்டுமே, அதைக் கேட்கவும் அவர் வரவில்லை. இன்றுவரை அது எனக்கு வலிக்கிறது.

இந்தத் தேர்தலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். உரக்கடையில் பேசிக்கொண்டிருந்தபோது தெருக்கோடியில் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது. மாமா பேச்சைப் பாதியில் விட்டு எழுந்தார். தோளிலிருந்த துண்டின் ஒரு முனையை வாளித் தண்ணீரில் முக்கி, பிழிந்து, கடை வாசலில் போய் நின்றார். நெற்றி நிறையக் குங்குமத்தோடு வேட்பாளர் ஜீப்பில் கும்பிட்டபடி கடந்துபோனார். பின்னால் இருந்த பையன் ஒரு டிஷ்யூப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"காயித்தத்த வச்சு உரச்சா செவக்கும்லே!" என்று மாமா கத்தினார். ஒலிபெருக்கிச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. ஜீப் திரும்பி மறையும்வரை நின்றுவிட்டு, அந்த ஈர முனையால் தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.