விக்கிரவாண்டியில் போட்ட பெட்ரோல்

காலை ஒன்பதரைக்கு ரயில் விழுப்புரம் வந்தது. ஸ்டேஷன் வாசலில் மாமா, என் அக்காவின் கணவர், தன் பழைய காருடன் நின்றிருந்தார். மகள் மலரைப் பார்க்கத் திண்டிவனம் போன அக்கா, நெஞ்சுவலி வந்து, இரண்டு நாளாக அங்கே ஆஸ்பத்திரியில் இருந்தாள். மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்த மாமா, திருச்சியிலிருந்து வரும் என்னையும் அழைத்துப்போகக் காத்திருந்தார்.

திண்டிவனம் நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. பார்வைக் குறைவால் நான் கார் ஓட்டுவதில்லை, மாமாதான் ஓட்டினார். விக்கிரவாண்டி போவதற்குள் மலர் இரண்டு முறை போன் செய்து, எங்கே வருகிறோம் என்று கேட்டாள்.

விக்கிரவாண்டியில் ஆயிரம் ரூபாய்க்குப் பெட்ரோல் போட நிறுத்தினோம். மூன்றாம் முறை போன் வந்தது. இறங்கித் தள்ளிப்போய் எடுத்தேன்.

"மாமா, அம்மா போயிடுச்சு. அப்பாகிட்ட இப்ப சொல்லாதீங்க. வண்டி ஓட்டிக்கினு வர்றாரு."

திரும்பி வந்து உட்கார்ந்தேன். "யாரு, மலரா?" என்றார் மாமா.

"ஆமா. எங்க வர்றீங்கன்னு கேட்டா."

சுங்கச்சாவடி தாண்டியதும் அவர் முகம் மாறியது. "பெட்ரோல் முள்ளு ஏறவே இல்ல மாப்ள. ஏமாத்திட்டானா? திரும்பிப் போய்க் கேக்கலாமா?"

"வேணாம் மாமா. மெதுவாத்தான் ஏறும்."

நான் ஐ.டி.ஐ.யில் மோட்டார் பாடம் நடத்துபவன். பேச அது ஒன்றுதான் இருந்தது. டேங்க்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது. பெட்ரோல் ஏறினால் அதுவும் ஏறும். அதோடு சேர்ந்த கம்பி நகர, முள்ளுக்குப் போகும் கரண்ட்டின் அளவு மாறும் என்று சொன்னேன்.

"அப்ப உடனே காட்டணுமே?"

"வளைவுல, பிரேக்குல பெட்ரோல் உள்ள அலையடிக்கும் மாமா. மிதவையும் ஆடும். அதுக்கெல்லாம் முள்ளு துள்ளினா படிக்கவே முடியாது. அதனால வேணும்னே மெதுவா நகர்ற மாதிரி செஞ்சிருக்காங்க."

குரல் உடையாமல் பார்த்துக்கொண்டேன். சொன்னதையே மறுபடி சொன்னேன். சாலையோரம், இந்தப் பக்கம் மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் காடுகள் போய்க்கொண்டிருந்தன. கூட்டேரிப்பட்டு வரும்போது முள் கால்வாசியைத் தாண்டியிருந்தது. "ஏறிடுச்சு," என்றார் மாமா.

பத்தே முக்காலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை அணைத்தார். இறங்கவில்லை.

"எப்ப மாப்ள?"

நான் தலை குனிந்தேன்.

"விக்கிரவாண்டிக்கு அப்பறம் மலரு போனே பண்ணல. அப்பவே தெரிஞ்சிடுச்சு."

"ஏன் மாமா கேக்கல?"

"கேட்டா நீ சொல்லிடுவ. அப்பறம் நான் எப்டி ஓட்டுறது? அவகிட்ட வந்து சேரணுமில்ல."

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவர் கைமேல் கை வைத்தேன். அப்போதுதான் இருவரும் அழுதோம்.

அக்காவை விழுப்புரத்துக்குக் கொண்டுவந்து காரியங்களை முடித்தோம். ஊர் திரும்பும் நாளில் மாமாவே ஸ்டேஷனில் விட்டுவிட்டுப் போனார். ரயிலில் எதிரே இருந்த பெரியவர், "விழுப்புரத்துல யாரு இருக்காங்க?" என்று கேட்டார்.

"அக்கா வீடு," என்றேன்.