படத்தில் இல்லாத ஆறு

சர்க்கரை நோயில் கண் போன பிறகு என் மனைவி வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டே வந்தாள். முதலில் கல்யாணங்களை விட்டாள். பிறகு கோயிலை. கடைசியில் மளிகைக் கடைக்குக்கூட வருவதில்லை. வெளிச்சமும் இருட்டும் மட்டும் அவளுக்குத் தெரியும். "நாலு பேர் நடுவுல பொம்மை மாதிரி உக்காந்துட்டு வர்றதுக்கு வீட்லயே இருக்கலாம்" என்பாள். எனக்குப் பேச்சு வராது. ஐந்தாம் வகுப்போடு அடுப்படிக்குப் போனவன். அவளுடைய அண்ணன் விசாவுக்கு எழுதிப்போட்டு அமெரிக்காவுக்கு, டெக்சாஸ் வந்தோம். ரவுண்ட் ராக் என்ற ஊரில் ஒரு தமிழரின் உணவகத்தில் சமைக்கிறேன்.

எங்கள் மகள் பள்ளியில் வயலின் வாசிக்கிறாள். போன வசந்தத்தில் பக்கத்து ஊர்ப் பழைய தியேட்டரில் ஒரு குதிரைப் படம் போட்டார்கள். அந்தக் காலத்துப் பேசாப்படம். அழிந்தே போய்விட்டது என்று எல்லோரும் நினைத்திருந்தார்களாம். யார் வீட்டுக் கொட்டகையிலோ தகர டப்பாக்களில் ஃபிலிம் சுருளாகக் கிடைத்திருக்கிறது. திரைக்குக் கீழே உட்கார்ந்து வாசிக்க மகளையும் இன்னும் சில பிள்ளைகளையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"அம்மா, யூ ஹேவ் டு கம்" என்றாள் மகள்.

"பேசாத படத்துக்குக் கண்ணு தெரியாதவளக் கூப்பிடறியேடி." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு சிரிப்பு நின்றது. "உன் வயலினுக்காக வரேன். இதோட சரி. இனிமே எதுக்கும் என்னைக் கூப்பிடக் கூடாது."

மகள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

சனிக்கிழமை மதியக் காட்சி. முதலாளியிடம் நேரே லீவு கேட்கக் கூச்சப்பட்டு, கூட வேலை செய்கிறவரிடம் சொல்லியனுப்பி வாங்கினேன். தியேட்டரில் பெரும்பாலும் வயதானவர்கள். பெரிய தொப்பிகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விளக்கை அணைத்ததும் மனைவி என் முழங்கையைத் தொட்டாள்.

"என்ன வருது?"

"குதிரை."

"குதிரை மேல?"

"ஆளு."

"உப்பு போதுமான்னு கேட்டாக்கூட இதைவிடப் பெருசா பதில் சொல்வீங்க."

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். தூசி கிளம்புவதைச் சொன்னேன். மாவு சலிக்கும்போது பறக்குமே, அந்த மாதிரி என்றேன். வாசலில் ஒரு பெண் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்ப்பதைச் சொன்னேன். நடுநடுவே திரையில் எழுத்து வந்தது. நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் போய்விடும். அதனால் எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். முன் வரிசையில் ஓர் அம்மாள் திரும்பிப் பார்த்தார். உடனே நிறுத்திவிட்டேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"முன்னாடி திரும்பிப் பாக்கறாங்க."

"பாக்கட்டுமே. அவங்களுக்குக் கண்ணு இருக்கு, பாக்கறாங்க."

மறுபடி ஆரம்பித்தேன். அந்த ஆளும் பெண்ணும் ஒரே குதிரையில் தப்பித்துப் போகிறார்கள். பின்னால் நாலைந்து பேர் துரத்துகிறார்கள். அப்போது திரை கறுத்துப்போனது. வயலின்கள் மட்டும் நிற்கவில்லை.

"வெளிச்சம் போச்சே. என்ன ஆச்சு?"

"தெரியல. ஒண்ணுமே இல்ல."

"எனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப இருங்க, நான் சொல்றேன்." கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டாள். "தண்ணி. ஆறு வருது. நம்ம பாப்பா கீழ்த் தந்தியில இழுக்கறா பாருங்க, குதிரை இறங்க மாட்டேங்குது. அவன் இறங்கி முன்னாடி போறான். கழுத்து வரைக்கும் தண்ணி."

"எப்படித் தெரியும்?"

"சின்ன வயசுல ரேடியோவுல ஒலிச்சித்திரம் கேட்டதில்லையா நீங்க? படத்தப் பாக்காமலே அழுவோமே." என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "சுட்டுட்டாங்க. அவன் முழுகிட்டான். அவ தனியாக் கரையேறிட்டா. பாவம்."

எனக்கும் கண் கலங்கியது. அந்தக் கறுப்பில் ஆற்றை நான் பார்த்தேன். யாராவது திரும்பிப் பார்த்தார்களா என்று எனக்குத் தெரியாது.

பிறகு திரையில் வெளிச்சம் வந்தது.

"உயிரோடதான் இருக்கான்" என்றேன். "அவ பக்கத்துல நின்னு ரொட்டி சாப்பிடறான்."

"அப்ப பொழைச்சுக்கிட்டான். சட்டை நனைஞ்சிருக்கா?"

காய்ந்துதான் இருந்தது. "காய வச்சிருப்பாங்க" என்றேன்.

படம் முடிந்து கார் நிறுத்துமிடத்துக்கு வந்தோம். வயலின் பெட்டியோடு மகள் ஓடி வந்தாள். "அந்த பிளாக் பார்ட்ல என்ன ஆகும்டி?" என்று அவளை மனைவி கேட்டாள்.

"நோபடி நோஸ், அம்மா. அந்த டப்பால இருந்த ஃபிலிம் ஃபுல்லா ஸ்பாயில் ஆயிடுச்சாம். மிஸ் சும்மா எங்களை ஏதாவது ப்ளே பண்ணச் சொன்னாங்க."

"அப்ப நான் சொன்னதுதான்." மனைவி காரில் கை வைத்துக்கொண்டு நின்றாள், ஏறவில்லை. "நாளைக்கும் வாசிக்கறியா?"

"டூ ஓ க்ளாக்."

"ஆத்துல ஒரு இடம் சரியாக் கேக்கல. இன்னொரு தரம் கேக்கணும்."

மகள் என்னைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் எங்கள் உணவகத்தில் கூட்டம் அதிகம். போனை எடுத்தேன். சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு முதலாளியைக் கூப்பிட்டேன்.

"என்ன சொல்றீங்க? ஒண்ணும் கேக்கல" என்றார் அவர்.

சத்தமாகச் சொன்னேன்.