சங்கு ஊதியதும் பந்தை எடுத்தவன்

எங்கள் ஊர் கால்பந்துக் கிளப்பில் யாரிடமும் கைக்கடிகாரம் கிடையாது. மில் சங்குதான் எங்களுக்குக் கடிகாரம். மாலை ஐந்தரைக்கு அது ஊதினால் ஆட்டம் முடிந்தது. கோலுக்கு முன்னால் தனியாகப் பந்தோடு நின்றாலும் சரி, சங்கு ஊதிவிட்டால் அந்தக் கோல் செல்லாது. காரணம் எளிது. மில்லின் பின்வாசல் எங்கள் மைதானத்தைப் பார்த்துத் திறக்கும். சங்கு ஊதிய இரண்டாவது நிமிடம் பகல் ஷிப்ட் முடித்த கூட்டம் மொத்தமும் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு மைதானத்துக்குக் குறுக்கே வரும். அதற்கு நடுவில் நின்று பந்து உதைக்கிறேன் என்று சொல்ல எவனுக்கும் துணிச்சல் இல்லை.

முத்தியால்பேட்டையைத் தாண்டினால் வயல், வயலைத் தாண்டினால் மில், மில்லை ஒட்டி எங்கள் கிராமம். இன்றைக்கு அதைக் கிராமம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், புதுச்சேரிக்குள் ஒரு தெருவாக அடங்கிப் போய்விட்டது. எழுபதுகளில் அங்கே பாதிப் பேர் மில், பாதிப் பேர் கழனி. இரண்டு தரப்பும் ஒன்றாக நின்ற இடம் மில்லுக்குப் பின்னால் இருந்த அந்தப் பொட்டல்தான். சவுக்குக் கழி நட்டு கோல் போஸ்ட் செய்தோம். சாதாரண பனியன்களை மில்லின் சாயப் பிரிவில் இருந்த ஒருவர் நீலத்தில் முக்கிக் கொடுத்தார். மூன்று தடவையாக முக்கியதால் மூன்று விதமான நீலம் வந்தது. "இன்னாபா, மூணு டீம் சேந்து வந்துருக்கீங்களா?" என்று போகிற இடத்திலெல்லாம் கேட்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கேப்டன் மட்டும், "ஆமா, அடி வாங்கறதுக்கு நீங்க ஒரு டீம் போதுமா?" என்று திருப்பிக் கேட்பார்.

கேப்டன்தான் கீப்பர். மில்லில் நூற்பு இயந்திரத்தில் வேலை. ஓடுகிற இயந்திரத்தில் அறுந்த இழையைப் பிடித்து ஒட்டிப் பழகிய கை, பந்தை விடுமா? என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். ஆனாலும் "அண்ணே" என்றுதான் கூப்பிடுவோம்.

கிளப்புக்கு இருந்தது ஒரே ஒரு பந்து. அதனால் ஒரு பழக்கம் ஏற்பட்டிருந்தது. சங்கு ஊதியதும் பந்தை முதலில் கையில் எடுப்பவன் அதை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். துடைத்து, எண்ணெய் தடவி, காற்று அடைத்து மறுநாள் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தவனுக்கு அன்றைய ஆட்டத்தில் இடம் உறுதி. அவனை வெளியே உட்கார வைக்க கேப்டனுக்கே அதிகாரம் கிடையாது. நிரந்தரமாக ஆடுகிறவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு யாருக்கு வேண்டும்? எனக்கு வேண்டியிருந்தது.

ஏனென்றால் நான் பதிலி. மில்லிலும் பதிலி, கிளப்பிலும் பதிலி. காலையில் மில் கேட்டில் போய் நிற்பேன். யாராவது வேலைக்கு வரவில்லை என்றால் அவர் இடத்துக்கு என்னைக் கூப்பிடுவார்கள், இல்லையென்றால் வீடு. மாலையில் மைதானத்திலும் அதே கதைதான். லெஃப்ட் பேக்காக ஆடியவருக்கு ஷிப்ட் இருந்தால் எனக்கு ஆட்டம். மாதத்தில் பாதி நாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்று கத்திக்கொண்டிருப்பேன். பந்தை எடுத்தால் மட்டும் மறுநாள் யார் தயவும் தேவையில்லை. அதனால் உள்ளே ஆடுகிற நாட்களில் வெயில் சாய்ந்ததுமே என் காது மில் பக்கம் திரும்பிவிடும். சங்கின் முதல் உறுமல் கேட்டதும் பாய்வேன். இரண்டு வருடத்தில் எத்தனை முறை பாய்ந்திருப்பேனோ, கணக்கே இல்லை. "சங்கு ஊதறவனே இவனுக்குச் சொந்தக்காரன்டா" என்று கேலி செய்வார்கள். செய்யட்டுமே.

அப்படிப்பட்ட கிளப் ஒரு வருடம் புதுச்சேரி டவுனில் நடந்த போட்டியில் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. எப்படி வந்தோம் என்று கேட்காதீர்கள், எங்களுக்கே தெரியாது. ஒரு ஆட்டத்தில் எதிரணி வரவில்லை. ஒன்றில் மழையால் சேறு, வெறுங்காலில் ஆடிய நாங்கள் நின்றோம், பூட்ஸ் போட்டவர்கள் வழுக்கி விழுந்தார்கள். அரையிறுதியில் கேப்டன் ஒருவரே ஆடினார் என்று சொல்லலாம், அப்படிப் பிடித்தார். ஊரே பைத்தியம் பிடித்துத் திரிந்தது.

இறுதி ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு கேப்டன் சைக்கிளை என் வீட்டு வாசலில் நிறுத்தினார்.

"லெஃப்ட் பேக்குக்குப் பகல் ஷிப்ட் விழுந்துட்டுது. மாத்திக்க ஆள் கெடைக்கல. நீதான் ஆடுற."

நான் திண்ணையிலிருந்து எழுந்து நின்றேன்.

"ஒழுங்கா ஆடுனீனா இனிமே பதினோரு பேர்ல நீ ஒருத்தன். கோட்டுக்கு வெளிய நிக்க வேணாம். இன்னா, புரியுதா?"

மில்லில் நான் எப்போது நிரந்தரம் ஆவேன் என்று சொல்ல ஆளில்லை. இங்கே இரண்டு நாளில் ஆகிவிடலாம். அந்த இரண்டு இரவும் சரியாகத் தூங்கவில்லை. இது சின்ன விஷயம்தானே என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கு அது சின்ன விஷயமாகத் தோன்றவே இல்லை.

ஆட்டம் நாலு இருபதுக்கு ஆரம்பம், முப்பத்தைந்து நிமிடம் இரண்டு பாதி, நடுவில் ஐந்து நிமிட ஓய்வு. நடுவர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மீசையில் ஒரு மயிர் கூடக் கோணாத மனிதர். எதிரணி டவுன் பையன்கள், எல்லோர் காலிலும் பூட்ஸ், பதினொரு சட்டையும் ஒரே சிவப்பு. நாங்கள் மூன்று நீலத்தில், கணுக்காலில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டு வரிசையாக நின்றோம். எங்கள் ஆட்கள் பெரும்பாலும் ஷிப்டில் இருந்ததால் எங்களுக்காகக் கத்த கழனிப் பக்கத்திலிருந்து வந்த கொஞ்சப் பேர்தான். டவுன் கூட்டமோ சுவர் மேலெல்லாம் உட்கார்ந்திருந்தது.

நான் நன்றாக ஆடினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. அவர்களுடைய வலது ஓரத்து ஆட்டக்காரன் மான் மாதிரி ஓடுவான். அவனை ஒரு முறை கூட முழுசாகத் தாண்ட விடவில்லை. முதல் பாதியில் எங்கள் கழனிக்காரன் ஒருவன் தலையால் முட்டி ஒரு கோல் போட்டான். ஒன்றுக்குப் பூஜ்யம். இரண்டாம் பாதி முழுக்க அவர்கள் எங்கள் கோலைச் சுற்றியே நின்றார்கள். கேப்டன் இந்தப் பக்கம் விழுகிறார், அந்தப் பக்கம் விழுகிறார், எழுந்து எங்களைத் திட்டுகிறார். என் காலில் ரத்தம். அதைக் குனிந்து பார்க்கக்கூட நேரமில்லை. இன்னும் ஐந்து நிமிடம் என்று யாரோ வெளியிலிருந்து கத்தினார்கள்.

அப்போது பந்து எங்கள் பெனால்டி கட்டத்துக்குள் உருண்டு வந்தது. பக்கத்தில் யாருமில்லை, நான் மட்டும்தான். ஓங்கி ஓர் உதை விட்டால் போதும்.

சங்கு ஊதியது.

வயலையும் வீடுகளையும் தாண்டி டவுன் வரைக்கும் கேட்கிற சங்கு அது. என் மூளைக்கு எட்டுவதற்குள் கைக்கு எட்டிவிட்டது. பாய்ந்தேன். பந்தை இரண்டு கையாலும் அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். இப்படியும் ஒருவன் செய்வானா என்றால், செய்தேன். நான் மட்டுமா? எங்கள் ஃபார்வர்டு இருவர் ஆட்டம் முடிந்துவிட்ட மாதிரி இடுப்பில் கைவைத்து நின்றார்கள். கேப்டனே துண்டை எடுக்கக் கோலுக்குப் பின்னால் திரும்பியிருந்தார்.

 பிறகு விசில்.

"பெனால்ட்டி!"

டவுன் கூட்டம் சிரித்த சிரிப்பு இன்றும் காதில் இருக்கிறது. நான் பந்தைக் கீழே போடவும் தோன்றாமல் நின்றேன். பதினொருவரில் ஒருவன் ஆவது ஒருபுறம் இருக்கட்டும், இனி எந்த முகத்தோடு கோட்டுக்கு வெளியே நிற்பது? நேராக வீட்டுக்கு ஓடிவிடலாமா என்று யோசித்தேன்.

கேப்டன் என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டவில்லை. விறுவிறுவென்று நடுவரிடம் போனார். சொல்தாக்களை மரியாதையாக "முசியே" என்றுதான் கூப்பிட வேண்டும்.

"முசியே, சங்கு ஊதிச்சில்ல? சங்கு ஊதுனா ஆட்டம் முடிஞ்சிச்சி முசியே."

"எவன் வூட்டுச் சங்கு? இங்க என் விசில்தான். நோன், நோன்! பெனால்ட்டி!"

"இல்ல முசியே, எங்க ஊர்ல..."

"உங்க ஊர்ல போய் ஆடு!"

கேப்டன் விடவில்லை. பன்னிரண்டு கஜம் சரியாக இல்லை என்றார். நடுவர் காலடி வைத்து அளந்தார். நடுவில் எண்ணிக்கை தப்பிவிட்டது என்றார் கேப்டன், நடுவர் மறுபடி "அன், தே, த்ருவா" என்று பிரெஞ்சில் எண்ணி அளந்தார். கோல் கோடு அழிந்திருக்கிறது என்றார் கேப்டன். கண்ணில் மண் விழுந்துவிட்டது என்று உட்கார்ந்தே விட்டார். இவ்வளவு நேர்மையான மனிதர் ஏன் இப்படி அழும்பு பண்ணுகிறார் என்று எனக்கே எரிச்சலாக இருந்தது.

அப்போதுதான் மணிச் சத்தம் கேட்டது. ஒரு சைக்கிள் மணி, பத்து மணி, பிறகு எண்ணவே முடியாத மணி. எங்கள் ஷிப்ட் விட்டுவிட்டது! தலையில் பஞ்சு ஒட்டியபடியே மில் மொத்தமும் வந்து மைதானத்தைச் சுற்றி நின்றது. டவுன் கூட்டத்தின் சத்தம் அதற்குள் காணாமல் போனது. எல்லோருக்கும் முன்னால் எங்கள் நிரந்தர லெஃப்ட் பேக், சைக்கிளிலிருந்து இறங்காமலே கத்தினார்.

"என் எடத்துல நின்னுக்கினு இன்னாடா பண்ணித் தொலச்ச?"

கேப்டன் எழுந்தார். கண்ணைத் துடைத்தார், உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டார். "ம், இப்ப அடிக்கச் சொல்லுங்க முசியே" என்றார்.

சிவப்புச் சட்டைக்கார நெட்டையன் ஒருவன் வந்தான். ஐந்தடி பின்னால் போய் ஓடிவந்து அடித்தான். நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை, என் குற்றத்தை நானே பார்க்க வேண்டும் என்று நின்றேன். பந்து இடது பக்கம் தாழ்ந்து போனது. கேப்டன் விழுந்தார். விரல் நுனி பட்டது. பந்து இரும்புக் கம்பத்தில் டங்கென்று மோதித் திரும்பி வந்தது. நெட்டையன் அதை நோக்கி ஓடினான். நானும் ஓடினேன். என் வாழ்க்கையில் அப்படி ஓடியதே இல்லை. அவன் பூட்ஸுக்கும் பந்துக்கும் நடுவில் என் வெறுங்காலை விட்டு, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து உதைத்தேன். பெருவிரல் நகம் போயிற்று. பந்தும் போயிற்று. தலைகளைத் தாண்டி, சைக்கிள்களைத் தாண்டி, சுவரைத் தாண்டி ரோட்டில் விழுந்தது.

"அலே, அலே! பந்து எங்க?" என்று நடுவர் கத்துகிறார். எங்கள் மில்லாட்கள் யாருக்குமே அந்தப் பந்து கண்ணில் படவில்லையாம்! சுவரேறித் தேடுகிறார்கள், சாக்கடையில் தேடுகிறார்கள், ஒருத்தர் மரத்தில்கூடத் தேடினார். கடைசியில் அது திரும்பி வந்து, இன்னும் நாலைந்து நிமிடம் ஆடி முடித்ததும் நீண்ட விசில் கேட்டது. தரையில் உட்கார்ந்து அழுதேன். கோப்பையை யார் வாங்கினார்கள், யார் கையில் கொடுத்தார்கள், எதுவும் நான் பார்க்கவில்லை.

கேப்டன் தேடிக்கொண்டு வந்தார். கையில் எங்கள் பழைய கிளப் பந்து இருந்தது. எங்கள் சாமான் மூட்டையிலிருந்து எடுத்து வந்திருக்கிறார்.

"இந்தா. இப்ப எடுத்துக்க. இப்பதான்டா ஆட்டம் முடிஞ்சிது."

"அண்ணே, நான்..."

"நம்மாளுங்க வந்து சேர்ற வரைக்கும் இழுக்கறதுக்குள்ள எனக்கு நாக்கு தள்ளிடுச்சி. தெனம் ஒன்னப் பாத்து எனக்கும் அந்த வியாதி ஒட்டிக்கிச்சி, நானுந்தான் துண்ட எடுக்கப் போனேன். வுடு. நாளைக்கு நீ ஆடுற. அதுக்கு அடுத்த நாளும் ஆடுற."

ஆடினேன். ஆறேழு வருடம் லெஃப்ட் பேக் நான்தான். பழைய லெஃப்ட் பேக் ஹாஃப் பேக் இடத்துக்கு மாறிக்கொண்டார். அந்த ஒரு கோப்பைதான் எங்கள் கிளப் ஜெயித்தது. அது டீக்கடையில் மிட்டாய் பாட்டில்களுக்கு மேலே இருந்தது. சங்கு ஊதும்போதெல்லாம் கடையில் யாராவது ஒருத்தர் என்னைப் பார்த்துக் கையை நீட்டிப் பந்து பிடிப்பது போலக் காட்டுவார். கோபம் வரும், உடனே சிரிப்பும் வரும்.

எண்பதுகளின் நடுவில் மில் கதவைச் சாத்திவிட்டார்கள். சங்கு நின்றது. ஆட்கள் பிழைப்பு தேடிப் போனார்கள். கேப்டனுக்குத் தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. மைதானத்துக்கு ஏழு பேர் வருவோம், ஐந்து பேர் வருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எப்படியோ பதினான்கு பேர் சேர்ந்தோம். அடேயப்பா, என்ன ஆட்டம் அது! ஐந்தரை ஆயிருக்கும், ஆறு ஆயிருக்கும், யாருக்குத் தெரியும்? சங்கு இல்லை, குறுக்கே வர சைக்கிளும் இல்லை. வெளிச்சம் மங்கியும் ஓடிக்கொண்டே இருந்தோம். பந்து காலடிக்கு வந்தபோதுகூட எவனும் குனியவில்லை. கடைசியில் எதிரில் நிற்பவன் முகம் தெரியவில்லை.

"எவனாவது எடுங்கடா" என்றார் கேப்டன் கோலிலிருந்து.

யாரும் எடுக்கவில்லை.

"அப்ப நீ எடு. ஒனக்குத்தான் பழக்கம்."

குனிந்து எடுத்தேன். "பெனால்ட்டி!" என்று யாரோ கத்த, பதினான்கு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனோம்.

பந்தை எடுத்தவன் மறுநாள் வர வேண்டும். எண்ணெய் தடவி, காற்று அடைத்து, நாலரைக்குப் போனேன். பொட்டலில் யாரும் இல்லை. வெகுநேரம் தனியாகத் தட்டிக்கொண்டிருந்தேன். அப்போது கேப்டன் காக்கிச் சட்டையில், வேலைக்குப் போகிற வழியில், சைக்கிளைத் திருப்பி உள்ளே வந்தார்.  சைக்கிளைச் சாய்த்துவிட்டு, பன்னிரண்டு தப்படி எண்ணிப் பந்தை வைத்துவிட்டு, சவுக்குக் கழிகளுக்கு நடுவில் போய் நின்றார்.

"அடி. நல்லா அடிக்கணும், ஆமா."

முழு பலத்தோடு அடித்தேன். அந்தக் காக்கிச் சட்டையோடு மண்ணில் விழுந்து பிடித்துவிட்டார். எழுந்து நின்று, காலியாகக் கிடந்த அந்த மைதானம் முழுக்கக் கேட்கும்படி, "இன்னிக்கும் உள்ள வுடலடா!" என்று கத்தினார். நானும் கத்தினேன். சட்டையைத் தட்டிக்கொண்டே வந்து பந்தை என் கையில் கொடுத்தார்.

"நேரமாச்சி, போறேன்" என்றார்.

அவர் சைக்கிள் மில் சுவரோரமாகப் போய்த் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாளும் நாலரைக்குப் பந்தோடு போனேன்.