இரண்டு மார்க்குக்காரி

தேயிலை மலையில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கிடந்தேன். அப்போது பதுளையிலிருந்து ஒரு பெண்பிள்ளை கையில் படிவத்தோடு எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வந்தாள். சுற்றி இருப்பவர்கள் நமக்கு எவ்வளவு ஆதரவு என்று அளக்கிறார்களாம். கொழுந்தைத்தான் நிறுப்பார்கள், இதையுமா என்று நினைத்துக்கொண்டேன்.

"கஷ்டம்னா ஓடி வர ஆள் இருக்காங்களா அக்கா? ஒண்ணுலேருந்து ஏழுக்குள்ள ஒரு மார்க் சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் கொழும்பில் கடை வேலையில் இருந்தார். மிச்சம் பக்கத்து வீட்டு அக்காதான். தண்ணீர்ப் பீலியில் யார் குடம் முதலில் என்று சண்டை பிடித்து, மூன்று மாதமாக அவளுக்கும் எனக்கும் பேச்சு இல்லை. ஆனாலும் நான் விழுந்த நாளிலிருந்து தினமும் காலையில் அவள் மகள் கையில் ரொட்டியும் சம்பலும் வந்துவிடும். நானும் ஒன்றும் சொல்லாமல் தின்றுவிடுவேன். ரோஷமெல்லாம் வாய்க்குத்தான், வயிற்றுக்கு ஏது?

மறுநாள் பதுளை ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்க வேண்டும். அதை அவள் மகளிடம் மட்டும் சொல்லியிருந்தேன். தனியாக எப்படிப் போவது என்று உள்ளுக்குள் பயம். அவளிடம் போய்க் கேட்பதா? செத்தாலும் மாட்டேன்.

"ரெண்டு போடுங்க தங்கச்சி" என்றேன் வீறாப்பாக.

லயத்தில் வீட்டுக்கு வீடு நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. அந்தப் பக்கம் அக்கா சம்பல் இடிக்கும் சத்தம் சட்டென்று நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அதற்குள் அந்தப் பிள்ளை எழுதி முடித்து, தன் போன் நம்பரையும் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

மறுநாள் ரொட்டி வரவில்லை. வேண்டும் எனக்கு. வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, கம்பை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

வாசலுக்கு நேரே ஓர் ஆட்டோ நின்றது. உள்ளே அக்கா. வேலைக்குப் போகாமல், கல்யாணத்துக்குக் கட்டும் சேலையில், மடியில் ரொட்டிப் பார்சலோடு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன பாக்குற? ரெண்டு மார்க்குக்காரிதான் வந்திருக்கேன். ஏறு."

ஏறினேன். வளைவுகளில் ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் என் காலைத் தன் மடியில் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"அக்கா, அந்தப் புள்ளையோட நம்பர் இருக்கு. ஏழுன்னு மாத்தச் சொல்லிடுறேன்."

"வேணாம், ரெண்டே இருக்கட்டும். ஏழு போட்டுட்டா, அப்புறம் பீலியில உன்கூட எப்படிச் சண்டை போடுறது?"