பெருவிரலில் மாட்டிய துணி

கிறகரி வாத்தியாரைக் கல்யாணம் முடித்து விடத்தல்தீவுப் பள்ளிக்கூட வளவுக்குக் குடிவந்தபோது அருள்நாயகிக்கு ஊசியில் நூல் கோக்கவும் தெரியாது. வலை பொத்தத் தெரியும். தகப்பன் கடலுக்குப் போகிறவர். காலை நீட்டி மணலில் இருந்து, வலையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊர்க்கதை பேசியபடியே கிழிசலை மூடிவிடுவாள்.

பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப ஊரில் எவருக்கும் மனம் வராத காலம் அது. வாத்தியார் வீடு வீடாய், படலை படலையாய்ப் போய்க் கேட்டார். கடைக்காரர் ஆதம்பாவா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

"எழுத்துப் படிச்சு என்ரை மகள் கந்தோர் உத்தியோகத்துக்கே போகப்போறாள்? தையல் எண்டாச் சொல்லுங்கோ மாஸ்டர், நாளைக்கே விடுறன்."

கத்தோலிக்க வீடுகளிலும் அதே பேச்சுத்தான். வேறு வழி தெரியாமல் வாத்தியார் மனைவியை மன்னாருக்கு, கன்னியர் மடத்துக்குத் தையல் பழக அனுப்பினார். மடத்தில் கதிரையில் இருத்தித்தான் பழக்கினார்கள். ஊருக்குத் திரும்பியதும் கால் தன்பாட்டில் நீண்டுகொண்டது. தையல் பழக வந்த பெண்பிள்ளைகளும் அவளைப் பார்த்துப் பாயில் இருந்து, துணியின் நுனியைப் பெருவிரலிடுக்கில் கவ்விப் பிடித்துத் தைத்தார்கள். தையல் முடிந்த கையோடு அவர்களைக் கரும்பலகைக்கு முன்னால் திருப்பிவிடுவாள். ஆதம்பாவாவின் மகள் நசீறா வாசிக்கத் தொடங்கியது அப்படித்தான். கடையில் சாமான் சுற்றிவரும் கடதாசியையும் விடமாட்டாள்.

வருடப் பரீட்சைக்குப் பரிசோதகர் வருகிறார் என்ற செய்தி வந்தது. தையல் வகுப்பை அவர் ஏற்றுக்கொண்டால்தான் அது தொடரும். இல்லாவிட்டால் ஆதம்பாவா அன்றைக்கே மகளை மறித்துவிடுவார். மற்றவர்களும் அவர் வழியில் போவார்கள்.

வாத்தியார் தன் பங்குக்கு ஒரு மரியாதை செய்தார். வேதக்கோயிலில் சனம் இருக்கிற உயரமான மர வாங்குகளைத் தூக்கிவந்து வரிசையாய்ப் போட்டுவைத்தார். "பெரிய மனிசர் வரேக்கை பிள்ளையள் நிலத்திலை இருக்கிறதே?" என்றார். அவளுக்கும் அது சரியென்றுதான் பட்டது.

பரிசோதகர் வந்தார். ஆளுக்கொரு வெள்ளைத் துண்டு கொடுத்து, "ஓரத்தை மடிச்சுத் தையுங்கோ பாப்பம்" என்றார்.

வாங்கில் இருந்த பிள்ளைகளின் கால்கள் நிலத்துக்கு எட்டாமல் தொங்கின. பிடிமானம் இல்லாத துணி மடியில் சுருண்டது. தையல் கோணல்மாணலாய் ஓடியது. சின்னவள் மார்த்தா விரலில் குத்திக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். நசீறா பழக்கத்தில் ஒரு காலை வாங்குக்குத் தூக்கப் பார்த்து, சரிந்து, பக்கத்துப் பிள்ளையின் தோளைப் பிடித்துத் தப்பினாள்.

"ஒரு வருசமாப் பழக்கினது இதுதானோ, மாஸ்டர்?" என்றார் பரிசோதகர்.

வாத்தியார் சுவரைப் பார்த்தார். அப்போதுதான் அருள்நாயகிக்கு விளங்கியது. பிழை பிள்ளைகளுடையது அல்ல.

உத்தியோகத்தர் முன்னால் அவள் வாய் திறந்ததே இல்லை. "ஐயா, குறை நினையாதையுங்கோ. இதுகளுக்கு வாங்கு பழக்கமில்லை. நான்தான் பழக்கேல்லை. நிலத்திலை இருந்து தைக்க விடுங்கோ."

பதிலுக்குக் காத்திராமல், கல்யாணத்துக்கு எடுத்த சேலையோடு நிலத்தில் இருந்து காலை நீட்டினாள். பிள்ளைகள் பொலுபொலுவென்று இறங்கி அவளைச் சுற்றி இருந்தார்கள். துணிகள் விரலிடுக்குகளில் ஏறின. ஊசிகள் ஒரே சீராய் நகர்ந்தன.

பரிசோதகர் நசீறாவின் துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "தையல் நல்லம். எண்டாலும் பிள்ளை, காலாலை பிடிச்ச சட்டையை ஆர் போடுறது?"

"கால் கழுவிப்போட்டுத்தான் ஐயா வந்தனாங்கள்" என்றாள் நசீறா.

பரிசோதகர் மீசைக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அருள்நாயகியின் பக்கம் திரும்பினார். "இந்த முறை ஏற்கிறன். வாற வருசம் வாங்கிலை இருந்து தைக்கவேணும். பழக்குவீரோ?"

"ஓம் ஐயா. முதல்லை நான் பழகிறன்."

அவருடைய வண்டில் போனபிறகு வாத்தியார் முணுமுணுத்தார். "எல்லாருக்கும் முன்னாலை நிலத்திலை இருந்திட்டீரே."

"நிலத்திலை இராமல் விட்டிருந்தா, நாளைக்கு ஆருக்குப் படிப்பிப்பீங்கள்?"

வாங்கு ஒன்றைத் தூக்கப் போன வாத்தியார், கோயிலுக்குக் கொண்டுபோவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

பொழுது சாய, ஆதம்பாவா படலையடியில் வந்து செருமினார்.

"என்ன மாதிரி, பிள்ளை? வகுப்பு இருக்குதோ?"

"இருக்கு. நசீறாவை விடிய அனுப்புங்கோ."

"தையலுக்குத்தானே?"

"தையலுக்குத்தான்" என்றாள் அருள்நாயகி. தையல் முடிந்ததும் கரும்பலகையில் என்ன பாடம் எழுதுவது என்று அவள் யோசிக்கத் தொடங்கியிருந்தாள்.