யோகராணி காப்பாத்தின சீட்டு

யோகராணி சீட்டுப் பிடிச்சால் கண்ணை மூடிக்கொண்டு சேரலாமெண்டு கனடாவில மல்வேர்ன் முழுக்கச் சொல்லுவினம். பகலில ஒபிஸ் கிளீனிங், பின்னேரத்தில சீட்டுக்காசு சேர்க்கிறது, அதுதான் அவளின்ர சீவியம். இருபது பேர், ஆளுக்கு மாசம் ஐந்நூறு டொலர். சேருற காசை, ஆகக் கூடக் கழிவு விட்டுக் கேக்கிற ஒருத்தர் மாசாமாசம் எடுக்கலாம். எடுத்தவரும் கடைசி மாசம் வரைக்கும் கட்டவேணும். ஒருத்தர் கட்டாட்டி யோகராணிதான் தன்ர கையால போடவேணும்.

தொண்ணூற்றெட்டில மூண்டாம் சீட்டை எடுத்தவர் மட்டக்களப்பு மாமாங்கம் அண்ணை. மகள் சஜிதாவைக் கனடாவுக்குக் கூப்பிடத்தான். ஏழாம் மாசம் அவர் வேலை செய்த பக்ரறியை இழுத்து மூடிப்போட்டாங்கள். ரெண்டு மாசம் யோகராணி போட்டாள். பிறகு அவளிட்டையும் ஒண்டுமில்லை. எல்லாரையும் தன்ர பேஸ்மென்ருக்குக் கூப்பிட்டாள். நானும் போனன்.

பேப்பர் படிச்சுப் படிச்சே பெரிய ஆளான அன்புராசா தொடங்கினான்.

"ஐரோப்பாவில பதினொரு நாடு ஒரே காசுக்கு மாறப்போகுது. ஒருத்தன்ர கடனை மற்றவன் கட்டத் தேவையில்லையெண்டு அவங்கள் முதலே எழுதிப்போட்டாங்கள். நாங்கள்தான் மடையர்."

உவருக்கு ஐரோப்பா! கடைசியில முடிவெடுத்தது இதுதான்: ஆளுக்கு முப்பது டொலர் கூடப் போட்டு மாமாங்கம் அண்ணையைத் தாங்கிறது. ஆனால் பிள்ளை வந்திறங்கினாப்பிறகு, ஆள் அனுப்புற ஏஜென்சிக்குக் குடுக்கவெண்டு அஜின்கோர்ட்டில ஒருத்தனிட்டை வைச்சிருந்த மிச்சக் காசை, அவர் உடன எடுத்துச் சீட்டுக்குப் போடவேணும்.

"புள்ள பாங்கொக்கில நிக்காள் தங்கச்சி," எண்டார் அவர். "காசை எடுத்தா ஏஜென்சிக்காரன் அவள விட்டுட்டுப் போயிருவான்."

"கொஞ்ச நாளைக்குத்தான் அண்ணை. வேலை கிடைச்ச உடன திருப்பி வைக்கலாம்," எண்டாள் யோகராணி.

நானும் தலையாட்டினன். நான் எடுக்கவிருந்தது கடைசி மாசச் சீட்டு. அது போயிடுமெண்ட பயம், பாழாய்ப்போன பயம்!

யோகராணியே அவரை பஸ்ஸில கூட்டிக்கொண்டுபோய் அந்தக் காசை எடுப்பிச்சாள். மூண்டாம் கிழமை சஜிதா போன் எடுத்தது. ஏஜென்சிக்காரனைக் காணேல்லையாம், அறைக்காரன் வெளியில போகச் சொல்லிக் கத்துறானாம். அதுக்குப் பிறகு அந்த நம்பர் வேலை செய்யேல்லை. பிள்ளையைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

மாமாங்கம் அண்ணைக்கு வெக்ஸ்போர்ட்டில ஒரு பேக்கரியில வேலை கிடைச்சது. ஒரு மாசமும் பிந்தாமல் கட்டினார். சீட்டு ஒழுங்கா முடிஞ்சுது. என்ர காசு ஒரு சதமும் குறையாமல் வந்தது. ரெண்டுதரம் எண்ணிப் பாத்து வாங்கினன்.

அடுத்த மாசம் யோகராணி பேயறைஞ்ச மாதிரி என்ர வீட்டை வந்தாள்.

"மாமாங்கம் அண்ணை ஐந்நூறு டொலரோட வந்தவர் அக்கா. சீட்டு முடிஞ்சுதெண்டு சொன்னன். 'இன்னும் எவ்வளவு கட்டினாப் புள்ளய விடுவாங்க தங்கச்சி'யெண்டு கேக்கிறார்."

"நீ என்ன செய்தனி?"

"வாங்கினன்."

"ஏனடி வாங்கினனி?"

"வாங்காட்டி, இனி ஒண்டும் செய்யேலாதெண்டு அந்த மனுசனுக்கு விளங்கிடுமே அக்கா."